பூட்டிய காம்பிராக்களும் பிரதேச சபையும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் பிரதிநிதிகள் கூடிய கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் துவைக்கவும், விறகு சேர்க்கவும், பிள்ளைகளோடு இருக்கவும் கிடைக்கும் ஒரே நாள். அந்த நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக நாம் கூடினால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். கொழுந்து நிறுவையைப் பற்றி, அரைப் பேரைப் பற்றிப் பேசுவோம். இன்று ஆட்களைப் பற்றிப் பேசப் போகிறோம். உங்கள் லயத்தில் இரவு எட்டு மணிக்கு எத்தனை காம்பிராவில் வெளிச்சம் தெரிகிறது? பன்னிரண்டு காம்பிரா லயத்தில் ஏழு, எட்டில் தெரிந்தால் பெரிய விஷயம். மற்றவற்றில் பூட்டுத் தொங்குகிறது. இல்லாவிட்டால் பாட்டி ஒருத்தியும் பேரப்பிள்ளை ஒன்றும் இருக்கிறார்கள். பிள்ளையின் அப்பா கொழும்பில் கடையில், அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில்.

தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் தோட்டம் நிறைந்துவிடும். ஓட்டோ வரிசையாக வரும், புதுச் சட்டை, புது போன். மூன்றாம் நாள் அத்தனை பேரும் பஸ் ஏறிவிடுவார்கள். அதன்பிறகு மேற்கணக்கில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால், தூக்குவதற்குக் கீழ்க்கணக்கிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. மாசியில் காமன் கூத்துக்கு வேஷம் கட்ட இளைஞர்கள் போதவில்லை. இதையெல்லாம் நீங்கள் எங்களுக்குச் சொன்னீர்கள். நாங்கள் திரும்ப உங்களுக்குச் சொல்கிறோம்.

அன்று அனுப்பினார்கள், இன்று நாமே போகிறோம்

மலையகத்தில் ஆட்கள் குறைவது இது முதல் தடவை அல்ல. 1948-இல் எமது குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். எம்மிடம் யாரும் கேட்கவில்லை. 1971 குடிசன மதிப்பில் 'இந்தியத் தமிழர்' என்று பதியப்பட்டவர்கள் 11 இலட்சத்து 74 ஆயிரம் பேர். 1981-இல் அது 8 இலட்சத்து 18 ஆயிரம். பத்து வருஷத்தில் மூன்றரை இலட்சம் குறைந்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேர் சொல்லி நினைவு வைத்திருப்பார்கள். 1977-இலும் 1983-இலும் அடித்துத் துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் வேறு.

2012 குடிசன மதிப்பில் நாம் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். 2024-இல் ஏறக்குறைய 6 இலட்சம். நாட்டின் சனத்தொகையில் 2.8 வீதம். ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த எண்ணிக்கை குறைந்ததற்கு ஆட்கள் போனது மட்டும் காரணமல்ல. எம்மவர்களில் பலர் தங்களை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொள்கிறார்கள். ஆனால் தோட்டத்துச் செக்ரோல் பொய் சொல்லாது. 1992-இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பதிவில் இருந்தார்கள். இன்று ஒன்றரை இலட்சம் கூட இல்லை.

அன்று எம்மை அனுப்பினார்கள். இன்று யாரும் அனுப்பாமலே எமது பிள்ளைகள் போகிறார்கள். போகவேண்டாம் என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை. தாத்தா பார்த்த வேலையைத்தான் பேரனும் பார்க்கவேண்டும் என்று துரைமார் நினைக்கலாம், சங்கம் நினைக்கக் கூடாது. பிள்ளை விரும்பிப் போனால் சந்தோஷமாக வழியனுப்புவோம். இங்கே இருக்க விரும்புகிற பிள்ளைக்கு இருக்க இடமில்லாமல் போவதுதான் பிரச்சினை.

பேர் இருந்தால்தான் வீடு

போனவர்கள் எல்லோரும் சம்பளத்துக்காகத்தான் போனார்களா? சம்பளம் பெரிய காரணம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. அதை நாம் பேசுவது குறைவு.

தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, ஆசிரியராகவோ தாதியாகவோ கிராம உத்தியோகத்தராகவோ வந்த பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். எமக்குப் பெருமைதான். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? ஹட்டனில், நுவரெலியாவில், பதுளையில் வாடகை வீட்டில். காலையில் பஸ் ஏறித் தாங்கள் பிறந்த தோட்டத்துப் பாடசாலைக்கே வந்து படிப்பித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கொழும்பில் பத்து வருஷம் பேக்கரியில் வேலை செய்து தொழில் பழகிய இளைஞன், ஊரில் ஒரு சின்ன பேக்கரி போடலாம் என்று வருகிறான். அடுப்புக் கட்ட அவனுக்கு நான்கு பேர்ச் நிலம் கிடைப்பதில்லை.

ஏன்? பல தோட்டங்களில் வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவருக்காவது செக்ரோலில் பேர் இருந்தால்தான் காம்பிரா. பேர் இல்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கேள்வி வரும். கூரைத் தகரம் மாற்றக் கேட்டால், வீட்டில் எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்பார்கள். பின்னால் ஒரு குசினி இறக்கிக் கட்டினால் வேலியிலிருந்து ஓபிஸ் வரைக்கும் பேச்சு. அதாவது முன்னுக்கு வருகிற பிள்ளை வெளியே போயே ஆகவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். யார் படித்தார்களோ, யார் தொழில் பழகினார்களோ, அவர்களையே வெளியே தள்ளிவிட்டு 'தோட்டம் முன்னேறவில்லை' என்று சொன்னால் எப்படி முன்னேறும்?

விலாசமும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு இலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. கடிதம் தோட்டத்து ஓபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ வருகிறது. வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்தபிறகு வந்த கதை இல்லாத தோட்டம் எது? வங்கியில் கடன் கேட்டால் காணி உறுதி எங்கே என்கிறார்கள். இருநூறு வருஷம் இருந்த மண்ணில் ஒரு கடிதம் வந்து சேர முகவரி இல்லை.

தோட்டத்து எல்லையோடு நின்ற தார்

இதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் யார்? நாம் எப்போதும் துரையைத்தான் பார்த்தோம். குழாய் உடைந்தால் துரை, வீதி உடைந்தால் துரை, பிள்ளைக்காம்பிராவுக்குத் துரை. பக்கத்துக் கிராமத்து ஆட்கள் அப்படி இல்லை. அவர்கள் பிரதேச சபைக்குப் போனார்கள். சபை வீதி போட்டது, விளக்குப் போட்டது, வாசிகசாலை கட்டியது. அதே வீதி எமது தோட்டத்து எல்லைக்கு வந்ததும் தார் நின்றுவிடும். மிச்சத்துக்குக் கல்லும் குழியும்தான்.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1987-இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்கத் தடையாக இருந்தது. எமது வாக்கில் வந்த உறுப்பினரே, 'சட்டம் இடம் தரவில்லை' என்று எம்மிடம் கைவிரித்தார். வாக்குப் போடும்போது நாம் அந்தப் பிரதேசத்து மக்கள். வீதி கேட்கும்போது கம்பனியின் ஆட்கள். முப்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பிரதேச சபை தோட்டத்துக்குள் வரலாம், செலவழிக்கலாம். அதே வருஷத் தேர்தலோடு நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகளும் வந்தன. சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் வந்தது. பிறகு 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லாமல் சபைகள் நடந்தன. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், சட்டமும் இருக்கிறது. 'சட்டம் இடம் தரவில்லை' என்ற பேச்சை இனி ஏற்க முடியாது.

ஆனால் எம்மிலும் குற்றம் இருக்கிறது. 2018-க்குப் பிறகு எத்தனை தோட்டக் கமிட்டிகள் பிரதேச சபைக்கு ஒரு மகஜர் கொடுத்தன? சங்கமாகிய நாமும் கம்பனியோடு பேசுவதிலேயே முழு நேரத்தையும் போட்டோம். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேசுகிறோம்.

ஒரு தீவுச் சபை செய்த வேலை

ஆட்கள் இல்லாமல் போகும் ஊரை ஒரு சபை திருப்பி நிறைக்க முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறோம். தூரத்து உதாரணம்தான், பொறுத்துக் கேளுங்கள்.

ஜப்பானில் கிராமங்கள் வேகமாகக் காலியாகின்றன. 896 உள்ளூராட்சிப் பிரதேசங்கள் காலப்போக்கில் இல்லாமலே போகலாம் என்று அங்கே 2014-இல் ஒரு நிபுணர் குழு எச்சரித்தது. ஏறக்குறைய நாட்டின் பாதிச் சபைகள். அந்த நாட்டில் ஒக்கி தீவுகளில் அமா என்று ஒரு சிறிய சபை இருக்கிறது. கரையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1950-இல் 7 ஆயிரம் பேரளவில் இருந்த தீவில் இப்போது 2,300 பேரளவில்தான் இருக்கிறார்கள். இளைஞர்கள் எல்லோரும் பட்டணம் போய்விட்டார்கள், சபை கடனில் மூழ்கியது.

2002-இல் தெரிவான புதிய தலைவர் முதலில் கை வைத்தது தன்னுடைய சம்பளத்தில். அதைப் பாதியளவுக்குக் குறைத்தார். அதைப் பார்த்து சபை ஊழியர்களும் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். மிச்சமான பணம் பிள்ளை வளர்ப்பு உதவிக்கும் புதிய தொழிலுக்கும் போனது. பிடிக்கிற கணவாயும் சிப்பியும் பட்டணம் போய்ச் சேருமுன் பழுதாகின்றன என்று, பழுதாகாமல் உறையவைக்கும் இயந்திரம் ஒன்றைச் சபையே வாங்கியது. வெளியூர் இளைஞர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்து, 'இந்தத் தீவில் எதைச் செய்து விற்கலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்' என்றது. வருகிறவர்கள் தங்க வீடுகளைத் திருத்திக் கொடுத்தது.

எல்லாவற்றிலும் பெரிய வேலை பாடசாலையில் நடந்தது. அங்கிருந்த உயர்தரப் பாடசாலையில் 2008 அளவில் தொண்ணூறு பிள்ளைகள் கூட இல்லை, மூடப்போகும் நிலை. பாடசாலை மூடினால் பிள்ளையோடு தாய் தகப்பனும் போய்விடுவார்கள் என்று அந்த மக்களுக்குத் தெரியும். மூடவிடவில்லை. விடுதி வைத்து, மாலை வகுப்பு வைத்து, நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். சில வருஷங்களில் பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பல நூறு புதியவர்கள் தீவுக்குக் குடிவந்தார்கள். சனத்தொகை பழைய 7 ஆயிரத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் ஊர் அழியும் என்று சொன்னவர்கள் சொன்னபடி நடக்கவில்லை.

அமாவுக்கும் எமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த மக்களுக்குச் சொந்தக் காணி இருந்தது, சொந்த வீடு இருந்தது. ஆள்தான் இல்லை. எமக்கு ஆள் இருக்கிறது, திரும்பி வர மனமும் இருக்கிறது. காணியும் வீடும்தான் இல்லை. அதனால் அவர்கள் செய்ததை அப்படியே பார்த்தெழுத முடியாது. ஆனால் அவர்கள் பிடித்த மூன்று விஷயமும் எமக்கும் பொருந்தும்: தங்க இடம், படிக்கப் பாடசாலை, பிழைக்க ஒரு தொழில்.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவது, விலாசம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒவ்வொரு கணக்கிலும் வீதிக்கு ஒரு பெயர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இலக்கம். சபையில் தீர்மானம் நிறைவேற்றி, தபால் கந்தோருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவிக்கவேண்டும். தோட்டத்துப் பிரதான பாதையைச் சபை பொறுப்பேற்கவேண்டும். பாதை சபையின் கைக்கு வந்தால் விளக்கும் கானும் கேட்கலாம். பஸ்ஸும் அந்தப் பாதையில்தான் வரும்.

இரண்டாவது, காணியும் வீடும். காணியைச் சபை தர முடியாது. அது அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. விடுவிக்கவேண்டியது அரசாங்கம். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்திய உதவியில் முதலில் 4 ஆயிரம் வீடுகள், 2017-இல் நோர்வூட்டில் வைத்து இன்னும் 10 ஆயிரம் வீடுகள் என்று அறிவித்தார்கள். எமது தேவையோடு பார்த்தால் இது ஒரு பிடி அரிசி. ஆகவே எமது கோரிக்கை இதுதான்: வீடு வேலையிலிருந்து பிரிக்கப்படவேண்டும். செக்ரோலில் பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்குக் காணியும் உறுதியும் வேண்டும். ஆசிரியையாக இருக்கும் மகளும் பட்டணத்தில் பேக்கரி பழகிய மகனும் ஊரில் வீடு கட்டக்கூடியதாக இருக்கவேண்டும். சபை தர முடியாததைத் தரும்படி அரசாங்கத்தைக் கேட்டுச் சபையே தீர்மானம் போடவேண்டும்.

'காணி கொடுத்தால் வேலைக்கு ஆள் வராது' என்று கம்பனிகள் சொல்லும். அதற்கும் பதில் வைத்திருங்கள். காணி கொடுக்காமல் வைத்திருந்த இந்த முப்பது வருஷத்தில்தான் ஆட்கள் பாதிக்கு மேல் குறைந்தார்கள். சொந்த வீடு உள்ளவன் பக்கத்தில் வேலை தேடுவான். வீடில்லாதவன்தான் பஸ் ஏறுகிறான்.

வீடு எங்கே கட்டுகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்க முடியாது. ஆபத்தான இடம் என்று சொன்னபிறகும் அங்கே ஆட்களை வைத்திருப்பது குடியிருப்பு அல்ல. பாதுகாப்பான இடத்தில் காணி அடையாளம் கண்டபிறகுதான் வீடு.

மூன்றாவது, பிள்ளைகள். முன்பள்ளியும் வாசிகசாலையும் சபை செய்யக்கூடிய வேலை. பாடசாலை மாகாண சபையின் கையில் இருந்தாலும், பாடசாலைக்குப் போகும் பாதையும் பஸ் தரிப்பிடமும் மாலை வகுப்பு நடத்த ஒரு மண்டபமும் சபை தரலாம். உயர்தரம் படிக்கப் பிள்ளையை ரவுனில் விடுதியில் விடும் குடும்பம், கொஞ்சக் காலத்தில் ரவுனுக்கே குடிபோய்விடும். ஆறு மணிக்குப் பிறகு ஒரு பஸ் தோட்டத்துக்கு வந்தால் அந்தக் குடும்பம் இங்கேயே இருக்கும்.

நான்காவது, திரும்பி வருகிறவர்களுக்குத் தொழில். கொழும்பில் எமது பிள்ளைகள் மேசன் வேலை, வெல்டிங், தையல், சமையல், போன் திருத்துவது எல்லாம் பழகியிருக்கிறார்கள். தோட்டச் சந்தியில் சபை நான்கு சின்னக் கடை அறை கட்டி, குறைந்த வாடகைக்கு, ஊருக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு முதலிடம் என்று கொடுக்கலாம். மரக்கறி செய்கிறவர்களுக்கும் பால் கறக்கிறவர்களுக்கும் வாரச் சந்தையில் இடம் ஒதுக்கலாம். பெரிய தொழிற்சாலை வரும் என்று இன்னும் இருபது வருஷம் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சபை வந்தால் வரியும் வரலாம். உறுதி இல்லாத காம்பிராவுக்கு வரி கேட்டால் எதிர்ப்போம். சொந்தக் காணியும் பாதையும் தண்ணீரும் வந்தபிறகு, நியாயமான வரியைக் கட்டத் தயங்கக் கூடாது. வரி கட்டுகிறவனிடம் 'நீ கம்பனியின் ஆள்' என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போனபிறகு செய்யவேண்டிய வேலை

தீர்மானம் போட்டுக் கைதட்டிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் மூன்று வேலை தருகிறோம்.

ஒரு கொப்பி எடுங்கள். லயம் லயமாக எழுதுங்கள்: எத்தனை காம்பிரா, எத்தனை பூட்டியிருக்கிறது, யார் போனார்கள், எந்த ஊருக்கு, என்ன தொழில், வீடும் காணியும் கிடைத்தால் திரும்பி வருவார்களா. போனில் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். இந்த வேலையை இளைஞர்களிடம் கொடுங்கள்.

இரண்டாவது, உங்கள் வட்டாரத்து உறுப்பினரைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். சபையின் பாதீடு தயாராகும் முன் எழுத்தில் மகஜர் கொடுங்கள். சபைக் கூட்டத்தைப் பார்க்கப் பொதுமக்களுக்கு இடமுண்டு. ஐந்து பேர் போய் உட்காருங்கள். அதில் மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும். தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் குழாய் எங்கே வேண்டும் என்று தெரியும்.

மூன்றாவது, கேள்வி கேளுங்கள். 2016-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கும் உரியது. 2018-க்குப் பிறகு எமது தோட்டத்துக்குள் சபை எவ்வளவு செலவழித்தது, எந்த வேலைக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். எழுதத் தெரியாவிட்டால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

ஒரே நாளில் எல்லாக் காம்பிராவிலும் விளக்கெரியாது. போன எல்லோரும் திரும்பி வரவும் மாட்டார்கள். வர நினைக்கிற ஒரு பிள்ளை, 'ஊரில் எனக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டால், சொல்வதற்கு எம்மிடம் ஒரு பதில் இருக்கவேண்டும். இன்றைக்கு அந்தப் பதில் இல்லை. அதைத்தான் உண்டாக்கப் போகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் அந்தக் கொப்பியோடு வாருங்கள்.